ஓக் கொட்டையை எந்த மரத்தடியில் பொறுக்குவது?

கலிஃபோர்னியாவில் டேவிஸ் ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக்கரை. இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். முன்பு தக்காளி போட்ட நிலம்தான், நிலத்துக்காரர் கரையோரத்தை மட்டும் விட்டுக்கொடுத்து, "என் தாத்தா காலத்தில் இங்கே ஓக் மரங்கள்தான் இருந்ததாம், நட்டுக்கொள்ளுங்கள்" என்றார். சனிக்கிழமை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற எட்டுப் பேர் கூட்டத்தில் நானும் ஒருவன். 200 குழி போடலாம் என்று கணக்கு வந்தது. தண்ணீர், மூடாக்கு, எலிக்குக் கம்பிவலை என்று எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரத்தில் முடிவு கிடைத்துவிட்டது. கொட்டையை எங்கிருந்து கொண்டுவருவது என்ற ஒரே விஷயத்துக்குத்தான் மூன்று மாதம் வாட்ஸாப்பில் அடித்துக்கொண்டோம்.

முதலில் மரம் எது என்று சொல்லிவிடுகிறேன். ஊட்டியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் நிற்கிற சில்வர் ஓக் இல்லை. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, ஓக் குடும்பமே கிடையாது, பெயரில் மட்டும்தான் ஓக். நான் சொல்வது இந்த மாநிலத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத வேலி ஓக் (Valley oak). தமிழில் அப்படி எழுதினால் வேலியோரத்து மரம் மாதிரி இருக்கிறது, அதனால் பள்ளத்தாக்கு ஓக் என்றே எழுதுகிறேன். நல்ல மண்ணும் அடியில் தண்ணீரும் இருக்கிற இடத்தில்தான் ஓங்கி வளரும். நல்ல மண்ணும் தண்ணீரும் விவசாயிக்கும் வேண்டும். ஆக, பெரிய சமவெளி முழுக்க இருந்த காடுகளில் பெரும்பகுதி போய்விட்டது, இப்போது இருப்பவை ஓடையோரத் துண்டுகளும் வயல் நடுவில் தனியாக நிற்கும் கிழட்டு மரங்களும்தான்.

இது தக்காளி இல்லை, தப்பாகப் போனால் அடுத்த வருஷம் ரகத்தை மாற்ற முடியாது. நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிற மரம். இங்கிருந்து வடக்கே சிகோ ஊரில் ஹூக்கர் ஓக் என்று ஒன்று இருந்தது, ஆயிரம் வயது என்று ஊரே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது. 1977-ல் சாய்ந்தபோது பார்த்தால் அது ஒரு மரமே இல்லை, இரண்டு மரங்கள் ஒட்டி வளர்ந்திருந்தன, வயதும் முந்நூற்றுச் சொச்சம்தான். ஆயிரம் போய் முந்நூறு ஆனாலும், இன்றைக்கு நாம் புதைக்கிற கொட்டை முந்நூறு வருஷத்து வெயிலைப் பார்க்கப் போகிறது என்பதை யோசித்தால் எந்தத் தாய்மரத்துப் பிள்ளை அது என்பது சின்ன விஷயமாகத் தெரியாது.

கூட்டத்தில் இருந்த கட்சிகளைச் சொல்கிறேன். ஒருவர், எதையும் நடாதே, பறவை பார்த்துக்கொள்ளும் என்றார். இரண்டு பேர், ரோட்டோரம் நிற்கிற மூன்று பெரிய மரங்களுக்கு அடியில் பொறுக்கிப் போடலாம், அதுதான் சொந்த மண் என்றார்கள். படித்த பெண் ஒருத்தி, வெயில் ஏறிக்கொண்டே போகிறது, தெற்கே விசேலியா பக்கம், சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, அங்கிருந்து கொண்டுவரலாம் என்றார். மீதிப் பேர், நர்சரியில் கன்று வாங்கி வேலையை முடி என்ற கட்சி. நான் முதலில் இந்தக் கடைசிக் கட்சியில்தான் இருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பறவைக் கட்சியை எடுத்த எடுப்பில் சிரித்து ஒதுக்க முடியாது. ஸ்க்ரப் ஜே என்று ஒரு நீலப் பறவை. இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போய் மண்ணில் குத்திப் புதைக்கும், தேவைப்படும்போது தோண்டித் தின்னும், தோண்டாமல் விட்டது முளைக்கும். ஓக் கொட்டை கனமானது, காற்றில் போகாது, அணில் கொஞ்ச தூரம்தான் உருட்டும். தூரமாகப் போவதற்கு ஜே மாதிரிப் பறவைதான் வண்டி. ஐரோப்பாவில் இதற்கு அழகான தடயம் இருக்கிறது. ஓக் மரத்தில் பசுங்கணிகத்தின் டிஎன்ஏ தாய்வழியில் மட்டுமே வரும், மகரந்தத்தில் வராது. அதனால் அதை மட்டும் படித்தால் கொட்டை நடந்த பாதை தெரியும், மகரந்தம் பறந்த பாதை அதில் கலக்காது. ரெமி பெத்தி என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் கூட்டாளிகளும் கண்டம் முழுக்க இப்படிப் பார்த்து 2002-ல் வரைபடம் போட்டார்கள். பனியுகத்தில் ஸ்பெயின் பக்கம், இத்தாலி, பால்கன் என்று மூன்று மூலைகளில் பதுங்கியிருந்த ஓக்குகள் பனி உருகியதும் வடக்கே ஏறிய பாதைகள் அதில் பட்டை பட்டையாகத் தெரிகின்றன. காலில்லாத மரம் ஒரு கண்டத்தையே ஏறிக் கடந்ததில் ஜே பறவைக்குப் பெரிய பங்கு.

ஆனால் எங்கள் இடத்துக்கு இது சரிவராது. ஜே கொண்டுவரும், சரி, எங்கிருந்து? அந்த ரோட்டோர மூன்று மரங்களிலிருந்துதான். வேறு தாய்மரம் பக்கத்தில் இல்லை. மரங்கொத்தி இன்னும் மோசம், அது பட்டையில் ஓட்டை போட்டுக் கொட்டைகளைச் சொருகி வைக்கும், அங்கே என்ன முளைக்கப் போகிறது? அதிலும் சான்டா பார்பரா பக்கம் செட்ஜ்விக் என்ற ஆய்வு நிலத்தில் மரங்கொத்திக் களஞ்சியங்களில் கிடந்த ஓடுகளைச் சோதித்தபோது, ஒவ்வொரு களஞ்சியத்திலும் இருந்தவை சுற்றியிருந்த ஒருசில மரங்களின் கொட்டைகள்தான் என்று தெரிந்தது. பறவை வேலையைச் சுத்தமாகச் செய்கிறது, சரக்குதான் குறைவு. போதாக்குறைக்கு இடுப்பளவு வளரும் ஐரோப்பியப் புல். அதற்கு நடுவே ஓக் முளை தண்ணீருக்குப் போட்டி போட முடியாது.

இப்போது ரோட்டோர மரங்கள். இதில்தான் நான் ரொம்ப நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான், செய்யும்போது ரொம்ப நல்ல காரியம் மாதிரி இருக்கும். பெரிய மரம், கைக்கெட்டும் தூரத்தில் நிறையக் கொட்டை, உள்ளூர் வேறு. அரை மணி நேரத்தில் இரண்டு வாளி நிறைந்துவிடும். ஊரில் பனங்கொட்டை நடுகிறவர்களும் பல நேரம் இதையேதான் செய்கிறார்கள், ஒரே பனையடியில் ஒரு சாக்கு பொறுக்கி ஏரிக்கரை முழுக்கப் போட்டுவிட்டு ஆயிரம் பனை நட்டோம் என்று படம் போடுவது. எண்ணிக்கைப்படி ஆயிரம், குடும்பப்படி ஒன்று.

ஓக்கில் தாய் ஒன்றாக இருந்தால் என்ன, காற்றில் மகரந்தம் வருகிறதே, தந்தைகள் நூறு பேர் இருப்பார்களே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். லாஸ் ஏஞ்சலிஸில் விக்டோரியா ஸார்க் என்பவர் இந்த மரத்தையே பல வருஷமாக ஆராய்கிறவர். அவரும் கூட்டாளிகளும் செட்ஜ்விக்கில் கணக்கிட்டு 2002-ல் வெளியிட்டது: மகரந்தம் சராசரியாகப் போகிற தூரம் சுமார் 65 மீட்டர். ஒரு தாய்மரத்துக்குக் கணக்கில் கொள்ளத்தக்க தந்தைகள் நான்கைக்கூடத் தொடவில்லை. காற்று எங்கெங்கோ அடிக்கிறது, பிள்ளை பிறப்பது என்னவோ பக்கத்து வீட்டோடுதான்.

இதற்கு நேர் எதிராகத் தெரிகிற ஒரு கணக்கும் உண்டு. பிரான்சில் பெத்தித் ஷார்னி என்ற காட்டில் 5.76 ஹெக்டேர் துண்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு கொட்டைக்கும் தந்தையைத் தேடினார்கள். இரண்டு ஓக் இனங்களில் ஒன்றில் 65 சதவீதமும் மற்றதில் 69 சதவீதமும் அந்தத் துண்டுக்கு வெளியே இருந்து வந்த மகரந்தம். தென்னாட்டுக் கொட்டைக் கட்சிக்காரப் பெண் இதைக் காட்டித்தான் "பார், எல்லாம் கலந்துவிடும், கவலைப்படாதே" என்றார். ஆனால் 5.76 ஹெக்டேர் என்றால் ஒரு பக்கம் 240 மீட்டர் சதுரம், அவ்வளவுதான். "வெளியே" என்பது வேலிக்கு அந்தப் பக்கம் 100 மீட்டரில்கூட இருக்கலாம். அதுவும் அடர்ந்த காடு, சுற்றிலும் ஓக். எங்கள் இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது? தக்காளி, பாதாம், நெடுஞ்சாலை. தூரத்திலிருந்து கொஞ்சம் மகரந்தம் வரத்தான் செய்யும், ஓக் மகரந்தப் பரவலுக்கு நீண்ட வால் உண்டு. ஆனால் அந்த வாலை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூடத்து நிகழ்தகவுதான். ஏதோ ஒரு நல்ல ஜீன் வடிவம், வறட்சியைத் தாங்குகிற மாதிரி என்று வையுங்கள், இந்தப் பகுதி மரங்களின் ஜீன் பிரதிகளில் நூற்றுக்கு ஐந்தில் இருக்கிறது. ஒவ்வொரு மரத்திலும் இரண்டு பிரதிகள். மூன்று தாய்மரங்கள் என்றால் ஆறு பிரதிகள், அந்த ஆறிலும் அது இல்லாமல் போகிற வாய்ப்பு 73 சதவீதம். பத்து மரங்கள் என்றால் 36 சதவீதம். முப்பது மரங்கள் என்றால் 5 சதவீதத்துக்கும் கீழே. தந்தை வழியில் கொஞ்சம் கூடுதலாக வரும், ஒன்றுக்கொன்று உறவுள்ள மரங்களாக இருந்தால் குறையும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. மூன்று மரத்துக் கொட்டையை 200 குழியில் போட்டால், இருபது முப்பது வருஷம் கழித்து அவை பூக்கும்போது 65 மீட்டருக்குள் இருப்பவற்றில் மூன்றில் ஒன்று ஒருதாய் வயிற்றுப் பிள்ளை. மாமன் மகள், அத்தை மகன் உறவுகூட இல்லை, அதைவிட நெருக்கம். அடுத்த தலைமுறைக் கொட்டையில் நிறைய அந்தக் கலியாணத்தில்தான் பிறக்க வேண்டும்.

நர்சரிக் கட்சியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். நான் ஏற்கெனவே ஒரு நர்சரியில் பத்துக் கன்று வாங்கி வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் வைத்தவன். விதை எங்கே எடுத்தது என்று அப்புறம் போய்க் கேட்டால், "எங்கள் பார்க்கிங்கில் ஒரு மரம் நிற்கிறது" என்றார்கள். இலையைப் பார்த்தால் இரண்டு கன்றுகளில் விளிம்பின் வெட்டு ஆழமே இல்லை, ப்ளூ ஓக் கலப்போ என்று சந்தேகம், இந்த இரண்டும் கலப்பது சகஜம்தான். தொட்டியில் ஆணிவேர் சுருண்டு கிடந்தது தனிக்கதை. இன்னொரு பெரிய பயம் மண். 2012-ல் கலிஃபோர்னியாவில் இயற்கை மீட்புக்குச் செடி வளர்க்கிற நர்சரியிலேயே வேரழுகல் கிருமி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. லண்டனில் 2006-ல் தலைகாட்டிய ஓக் கம்பளிப்பூச்சி, ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்த மரக்கன்றுகளோடு வந்து இறங்கியது, இன்றைக்கும் அதை விரட்டி முடியவில்லை. தொட்டியும் மண்ணும் இலையும் இல்லாமல் கழுவிய கொட்டை மட்டும் வந்தால் இந்த ஆபத்து ரொம்பக் குறையும்.

மிஞ்சியது தெற்கு. இதை நான் முதலில் பேஷன் என்று நினைத்தேன், படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. 2012-ல் மாநிலம் முழுக்க 95 இடங்களில் 674 தாய்மரங்களிலிருந்து இந்த ஓக்கின் கொட்டைகளை எடுத்து, முளைக்க வைத்து, சிகோவிலும் ப்ளேசர்வில்லிலும் இரண்டு தோட்டங்களில் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். எல்லாக் கன்றுக்கும் ஒரே மண், ஒரே வெயில். 2019-ல் வந்த முடிவு கொஞ்சம் தூக்கிவாரிப் போடுகிறது. பெரும்பாலான மரங்கள் தங்கள் சொந்த ஊர் வெப்பத்தில் இருப்பதைவிட, அதைவிடக் குளிர்ச்சியான இடத்தில்தான் வேகமாக வளர்கின்றன. அதாவது இவை சொந்த ஊருக்கே முழுசாகப் பழகவில்லை, பனியுகத்து உடம்போடு இன்னும் இருக்கின்றன. சொந்த மண்ணின் விதைதான் சொந்த மண்ணுக்குச் சிறந்தது என்று விதைநெல் எடுத்துவைத்த வீட்டில் பிறந்தவனாக நான் நம்பியிருந்தேன். நெல்லை வருஷா வருஷம் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான். ஓக்குக்கு ஒரு தலைமுறை மாறவே பல பத்தாண்டுகள், வெயில் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அப்படியானால் முழுக்கத் தெற்கிலிருந்தே கொண்டுவந்துவிடலாமா என்றால், வேண்டாம் என்பேன். அந்த ஆய்வே தாய்மரங்களின் டிஎன்ஏவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வளர்ச்சி கூடும் என்றுதான் காட்டியது, வெறுமனே சூடான ஊர்க் கொட்டை என்று முத்திரை குத்தி எடுக்கச் சொல்லவில்லை. ஓக்கில் மரபு வேறுபாட்டின் பெரும்பங்கு ஊருக்கு ஊர் இல்லை, ஒரே ஊருக்குள் மரத்துக்கு மரம்தான். விசேலியாவில் பத்து மரத்துக் கொட்டை எடுத்தால் அதில் இரண்டு இங்கே ஜம்மென்று நிற்கும், இரண்டு சொதப்பும். எது எது என்று சொல்ல எங்களிடம் ஆய்வகம் இல்லை. அந்தத் தோட்டங்களில் அளந்தது சின்னக் கன்றுகளின் வளர்ச்சி, முந்நூறு வருஷத்து ஆயுள் இல்லை. தளிர்விடும் தேதி ஓரளவு பரம்பரையில் வருவது, சீக்கிரம் தளிர்விடுகிற ஜாதி இங்கே மார்ச் மாத உறைபனியில் கருகலாம். அப்புறம் தண்ணீர், இந்த மரத்துக்கு வெயிலைவிட நிலத்தடி நீர்மட்டம்தான் ஜீவன், இரண்டு ஊரில் அது இரண்டு மாதிரி.

தெற்குக் கொட்டை வந்து உள்ளூர் ஜீனைக் கெடுத்துவிடும் என்று ரோட்டோர மரக் கட்சியில் ஒருவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. பூப்பதற்கே இருபது வருஷம் தாண்டும். அதற்குள் ஒத்துவராதது பெரும்பாலும் செத்திருக்கும், நின்றதுதான் மகரந்தம் கொட்டும்.

ஆக, ஐந்தாவதாக ஒரு வழியை நானே கிளப்பினேன், நிறையத் திட்டும் வாங்கினேன், காரணம் வேலை அதிகம். 50 கிலோமீட்டர் சுற்றளவில் முப்பது உள்ளூர்த் தாய்மரங்கள், ஒன்றுக்கொன்று கிட்ட நிற்காதவை. ஒவ்வொன்றிலிருந்தும் சரியாக 15 கொட்டைகள். நன்றாகக் காய்த்தது என்று ஒன்றில் 100 எடுக்கக்கூடாது, அப்படி எடுத்தால் முப்பது மரம் தேடி அலைந்ததே வீண். தெற்கில் பத்து மரங்கள், அதே 15. மொத்தம் 600, குழிக்கு மூன்று, மூன்றும் வேறு வேறு தாய். எது தெம்பாக வருகிறதோ அதை வைத்துக்கொண்டு மீதியைக் கிள்ளிவிடலாம். தெற்குக் கொட்டையைத் தனிப் பாத்தியாக வைக்காமல் உள்ளூர்க் குழிகளுக்கு நடுவே தெளித்து வைக்க வேண்டும், 65 மீட்டர் கணக்கு இங்கே நமக்குச் சாதகம்: ஒன்றுக்கொன்று பக்கத்தில் நின்றால்தான் பிற்காலத்தில் இரண்டும் கலக்கும்.

நேர்மையாகச் சொன்னால், தெற்கா உள்ளூரா என்ற சண்டையில் நாங்கள் வீணாக்கிய மூன்று மாதத்தில் பாதியை எத்தனை தாய்மரம் என்ற கேள்விக்குக் கொடுத்திருக்கலாம். 150 தெற்குக் கொட்டையை நீக்கினாலும் என் திட்டம் பாதகமில்லாமல் நிற்கும். முப்பதை மூன்றாக்கினால் நிற்காது.

வருஷமும் பார்க்க வேண்டும். நம் மாமரம் மாதிரி ஓக்கும் ஒரு வருஷம் அள்ளிக் கொட்டும், ஒரு வருஷம் பட்டினி போடும். அதுவும் ஒரு மரம் மட்டும் இல்லை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு எல்லா மரமும் சேர்ந்தே செய்யும். வால்டர் கோனிக் என்பவர் 1980-ல் தொடங்கி இதை மரம் மரமாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். பட்டினி வருஷத்தில் காய்க்கிற மரமே நாலைந்துதான் கிடைக்கும், முப்பதுக்கு எங்கே போவது? அதனால் ஒரு வருஷம் சும்மா இருந்தோம், புல்லை மட்டும் வெட்டினோம். இதற்கும் திட்டு வாங்கினேன்.

அடுத்த அக்டோபரில் அள்ளிக் கொட்டியது. நான்கு சனிக்கிழமைகள், கதவைத் தட்டி அனுமதி கேட்டது இருபத்திரண்டு வீடுகளில். வாளித் தண்ணீரில் போட்டால் கூன்வண்டு குடைந்தது மிதக்கும், நல்லது மூழ்கும், சில மரங்களில் பாதி மிதந்தது. மூழ்கியதைத் துடைத்து, எண் எழுதிய நாற்பது பைகளில் போட்டு, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் அடுக்கினேன். ஓக் கொட்டையை நெல் மாதிரி காயவைத்து வைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். நவம்பர் இரண்டாம் வாரம் கத்தரிக்காய் எடுக்கப் போன என் மனைவி, "பதினேழாம் நம்பர் வேர் விட்டுடுச்சு, இனிமே இதுக்கு இங்க இடம் இல்ல" என்றாள். பார்த்தால் உண்மைதான், கொட்டையின் கூர்முனையில் வெள்ளையாக ஒரு விரல்கடை வேர். அந்த வாரமே நட்டோம்.

நட்டுக்கொண்டிருக்கும்போதே கம்பத்தில் ஒரு ஜே உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் போனால் ஓரத்தில் கம்பிவலை சரியாக மூடாத நான்கு குழிகள் காலி. பன்னிரண்டு கொட்டைகள். இப்போது மார்ச் மாதம். குழிகள் மேல் வைத்த 200 கம்பிவலைக் குழாய்களில் 150-க்கு மேல் எட்டிப் பார்க்கின்றன. குழாய்க்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் யாரும் எதையும் நடாத மேட்டில், ஒரு முளை தன்னால் நிற்கிறது. என் பையிலிருந்து போனதா, ரோட்டோர மரத்திலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. அதைச் சுற்றியும் ஒரு கம்பிவலை போட்டுவிட்டு வந்தேன், எண் மட்டும் எழுதவில்லை.